ஆஸ்கி மேசையா, வார்டா?

நர்சிங் மாணவிக்கு மார்க் போட இரண்டு வழி. ஒன்று ஆஸ்கி (OSCE): 1975-இல் ஸ்காட்லாந்தின் டண்டீயில் ரொனால்ட் ஹார்டன் மருத்துவ மாணவர்களுக்காக அறிமுகப்படுத்திய தேர்வு முறை. மணி அடித்தால் அடுத்த மேசை. எல்லோருக்கும் ஒரே வேலை, ஒரே செக்லிஸ்ட். கை கழுவினாளா, பேஷண்ட் பெயரைக் கேட்டாளா, டிக். வேண்டியவர் வேண்டாதவர் பேச்சுக்கு இடம் குறைவு.

இன்னொன்று, வார்டில் வாரக்கணக்கில் கூடவே நின்று பார்ப்பது. இங்கே சென்னையில் நான் மேற்பார்த்த ஒரு மாணவி செக்லிஸ்டில் சுமார்தான். ஒரு நாள் காலை, இன்சுலின் ஊசியைக் கையில் எடுத்தவள் போடாமல் நின்று, "பாட்டி, டிபன் வந்துச்சா?" என்று கேட்டாள். வரவில்லை. சாப்பிடாமல் இன்சுலின் போட்டால் சர்க்கரை ரொம்ப இறங்கிவிடும். ஊசியை ட்ரேயில் வைத்துவிட்டு நேராக என்னிடம் வந்து சொன்னாள். ஆஸ்கி மேசை மேல் பேஷண்டுக்குப் பதில் இருக்கும் பொம்மைக்குப் பசிக்காதே, இது அங்கே எப்படித் தெரியும்?

வார்டிலும் வில்லங்கம் உண்டு. சிரித்த முகத்துக்கு இரண்டு மார்க் கூடிவிடும். தினமும் பார்க்கிற பிள்ளைக்கு ஃபெயில் போட மனசு வராது. பார்த்ததை அன்றைக்கே நோட்டில் எழுதிவிட்டால் பாதி சரியாகும்.

கதீட்டர் (சிறுநீர்க் குழாய்) போடுவது, டிரெஸ்ஸிங் எல்லாம் ஆஸ்கியில் பார்க்கலாம், சரி. நைட் ட்யூட்டிக்கு நம்பி விடலாமா என்றால், நான் புரட்டுவது வார்டு நோட்டைத்தான்.