அம்பத்தூரா, சிறுசேரியா, நவி மும்பையா? சர்வரை எங்கே வைக்கலாம்

சென்னையில் அலுவலகம், சொந்தமாக எட்டுப் பத்து சர்வர், அதற்கென்று ஒரு ஏசி அறை, யுபிஎஸ் பேட்டரி மாற்றி மாற்றியே அலுத்துப்போய் கோலோகேஷனுக்கு, அதாவது நம் சர்வரை வாடகைக்கு வேறொருவர் டேட்டா சென்டரில் வைக்கும் முறைக்குப் போகலாம் என்று முடிவெடுக்கும் நிறுவனத்துக்குப் பெரும்பாலும் இந்த மூன்று இடங்களிலிருந்துதான் கொட்டேஷன் வரும். முதல் வரியில் இருக்கும் ராக் (சர்வர்களை அடுக்கும் அலமாரி) வாடகையை வைத்து மட்டும் முடிவு பண்ணாதீர்கள். பணம் போவது கரண்ட்டில்.

சில இடங்களில் கேவிஏ (ஒதுக்கும் மின்திறனின் அளவு) கணக்கில் மாதம் இவ்வளவு என்று நிலையாக வாங்குவார்கள், பயன்படுத்தினாலும் இல்லாவிட்டாலும் அதே தொகைதான். சில இடங்களில் மீட்டர் வைத்து, ஓடிய யூனிட்டைப் பியூஇ என்ற எண்ணால் பெருக்கி பில் போடுவார்கள். கூலிங்குக்கும் மற்ற இழப்புகளுக்கும் ஆகும் மின்சாரம் அதில் வந்துவிடும். உங்கள் ராக் 3 கிலோவாட் இழுத்தால் 30 நாளுக்கு 2160 யூனிட். பியூஇ 1.5 என்றால் 3240 யூனிட்டுக்குக் காசு, 1.7 என்றால் 3672. அந்த எண் ஒப்பந்தத்தில் நிலையாக எழுதப்பட்டிருக்கிறதா, மாதாமாதம் மாறுமா என்பதைக் கையெழுத்துக்கு முன்பே கேளுங்கள். ராக் பாதிதான் நிறைந்திருக்கிறது, இனிமேல்தான் சேர்ப்போம் என்பவர்களுக்கு மீட்டர் முறையே நல்லது.

கரண்ட்டில் இன்னொன்று. ராக்கில் ஏ, பி என்று இரண்டு லைன் வரும். இரண்டிலும் 60 சதவீதம் லோடு ஓடுகிறது, இன்னும் இடம் இருக்கிறது என்று நினைத்து சர்வர் சேர்த்துக்கொண்டே போகிறார்கள். ஒரு லைன் போனால் மொத்த லோடும் அடுத்த லைனில் விழும், 120 சதவீதம் ஆகும், பிரேக்கர் விழும், ராக் முழுவதும் இருட்டு. இரண்டும் சேர்ந்து ஒரு லைனின் அளவைத் தாண்டவே கூடாது; சற்றுக் குறைவாகவே வைத்துக்கொள்ளுங்கள். இந்தத் தவறுக்கு எந்த டேட்டா சென்டரும் பொறுப்பேற்காது.

சரி, இடத்துக்கு வருவோம். நவி மும்பையின் பலம் இணைப்பு. நாட்டின் டேட்டா சென்டர்களில் பெரும்பங்கு மும்பை வட்டாரத்தில்தான், அமேசான் கிளவுடின் மும்பை ரீஜன் (அங்குள்ள டேட்டா சென்டர்த் தொகுப்பு) 2016-லிருந்து இருக்கிறது, அந்தக் கிளவுடோடு நாள் முழுக்க டேட்டா பரிமாறும் சர்வர் என்றால் அங்கே வைப்பதில் நியாயம் உண்டு. ஆனால் சென்னையில் உட்கார்ந்து வேலை செய்பவர்களுக்கு? ஃபைபரில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர்தான் போகும். நேர்கோட்டில் ஆயிரம் கிலோமீட்டருக்குப் போய்வரவே 10 மில்லிசெகண்ட், கேபிள் வளைந்து வளைந்து போவதால் நடைமுறையில் 20-ஐ ஒட்டி வரும். மெயில், வெப்சைட்டுக்கு இது தெரியாது. பழைய ஈஆர்பி (கணக்கு, ஸ்டாக், பில் எல்லாம் பார்க்கும் மென்பொருள்) ஒன்று ஒரு ஸ்க்ரீனைத் திறக்க டேட்டாபேஸிடம் 200 தடவை ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டால் 4 நொடி காத்திருக்கவேண்டும், நாள் முழுக்க, ஒவ்வொரு பில்லுக்கும்.

வெளிநாட்டு இணைப்பில் சென்னையும் சளைத்ததில்லை, சிங்கப்பூர்ப் பக்கம் போகும் கடலடிக் கேபிள்கள் இங்கேயே கரையேறுகின்றன.

சென்னைக்குள் அம்பத்தூரா சிறுசேரியா என்றால் வெள்ளத்தைத்தான் முதலில் கேட்பேன். 2015-ல் நகரம் மூழ்கியதைப் பார்த்தோம், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் அம்பத்தூர் எஸ்டேட்டிலும் தண்ணீர் நின்றது. சர்வர் மூன்றாம் மாடியில் இருக்கிறது என்று சொன்னால் நிம்மதியாகிவிடாதீர்கள். டீசல் டேங்க் எங்கே, பம்ப் எங்கே, டிரான்ஸ்ஃபார்மர் எந்த உயரத்தில், சாலை முங்கினால் டீசல் லாரி எந்த வழியாக வரும், நேரில் போய்ப் பாருங்கள். 2012-ல் சாண்டி புயல் அடித்தபோது நியூயார்க்கில் ஒரு டேட்டா சென்டரின் அடித்தளத்து டீசல் பம்ப் மூழ்கிப்போய், ஆட்கள் வாளியில் டீசலை 17 மாடி தூக்கிக்கொண்டு ஏறினார்கள். ஜெனரேட்டர் மேலேதான் இருந்தது.

இந்தக் கேள்விகளுக்கு இரண்டு இடமும் ஒரே மாதிரி பதில் சொன்னால், உங்கள் ஆட்கள் எங்கே இருக்கிறார்கள் என்று பாருங்கள். டிஸ்க் மாற்ற அங்குள்ள டெக்னீஷியனைக் கேட்டால் நேரக் கணக்கில் காசு. நாமே போகலாம் என்றாலும் முன்கூட்டியே மெயில், சீரியல் நம்பர் போட்ட கேட் பாஸ், அடையாள அட்டை எல்லாம் தயாராக இருக்கவேண்டும். ராத்திரி இரண்டு மணிக்கு அதை யார் தருவார் என்று இப்போதே கேட்டு வையுங்கள். கிண்டி, அண்ணாநகர்ப் பக்கம் அலுவலகம் என்றால் அம்பத்தூர். ஓஎம்ஆரில் இருப்பவர்கள் அம்பத்தூர் வரை அலைய வேண்டாம், சிறுசேரி போதும்.

டியர் 3 சான்று (டேட்டா சென்டர் நிற்காமல் ஓடும் தரத்துக்கான சான்று) பற்றி: 99.982 சதவீத நேரம் ஓடும் என்றால் வருடத்துக்கு ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்று மேல் நிற்கலாம் என்று கணக்கு. வரைபடத்துக்கு வாங்கிய சான்று வேறு, கட்டிமுடித்த கட்டடத்துக்கு வாங்கியது வேறு, இரண்டாவதைக் காட்டச் சொல்லுங்கள். நின்றுபோனால் கிடைப்பதும் பெரும்பாலும் வாடகையில் சின்னக் கழிவுதான், உங்கள் வியாபார நஷ்டம் இல்லை.

என் முடிவு: மெயின் சர்வர் சென்னையில், பேக்கப் மட்டும் நவி மும்பையில் கால் பங்கு ராக்கில். 2021 மார்ச்சில் பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பூர்கில் ஓவிஹெச் டேட்டா சென்டர் எரிந்தபோது, பேக்கப்பையும் அங்கேயே வைத்திருந்தவர்கள் இரண்டையும் சேர்த்தே இழந்தார்கள். கால் ராக்குக்கும் பட்ஜெட் இல்லையென்றால் மெயின் ராக்கில் இரண்டு சர்வரைக் குறைத்தாவது இதைச் செய்யுங்கள்.