மீந்த புத்தகங்கள் யார் கணக்கில்?

எங்கள் பள்ளி நூலகத்தின் மூலையில் ஓர் இரும்பு அலமாரி நிற்கிறது. அதன் கீழ்த்தட்டில் ஒரே கணிதப் புதிர்ப் புத்தகத்தின் 14 பிரதிகள் ஐந்து ஆண்டுகளாகத் தூங்குகின்றன. வாங்கியவள் நான்தான். 40 விழுக்காடு கழிவு என்று பதிப்பகத்தில் சொன்னதும் யோசிக்காமல் 20 பிரதி என்று எழுதிக் கொடுத்தேன். விற்றது ஆறு. ஒவ்வோர் ஆண்டும் இருப்புக் கணக்கு எடுக்கும்போது அந்த 14 என்னைப் பார்த்துச் சிரிக்கின்றன.

பள்ளியில் புத்தகக் கண்காட்சி நடத்தும் பொறுப்பு என் தலையில் விழுந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. முதல் இரண்டு முறை பதிப்பகங்களிடம் நேரடியாக விலைக்கு வாங்கி விற்றோம். மூன்றாம் ஆண்டு, எல்லாவற்றையும் தானே கொண்டுவரும் நிறுவனம் ஒன்றிடம் ஒப்படைத்தோம். கடைசி மூன்று ஆண்டுகளும் ஒரு புத்தகக் கடைக்காரருடன், விற்றதற்கு மட்டும் பணம், மீந்ததைத் திருப்பித் தருவது என்ற ஏற்பாடு. என் சாய்வு இந்தக் கடைசி வழியின் பக்கம். அதை ஒளித்துக்கொண்டு நடுநிலை பேசப் போவதில்லை.

நிறுவனமே எல்லாவற்றையும் கொண்டுவரும் முறையை முதலில் முடித்துவிடுகிறேன். வேலை மிகக் குறைவு. சக்கரம் வைத்த அடுக்குகள் வந்து இறங்கும், விரித்தால் அதுவே கடை, மூடினால் அதுவே பெட்டி. ஒரு பிற்பகலில் கூடம் தயார். அமெரிக்காவில் ஸ்காலஸ்டிக் நிறுவனம் 1981 முதல் இப்படி நடத்திவருகிறது. விற்பனையில் பள்ளிக்கு உரிய பங்கை அங்கே ரொக்கமாக எடுத்துக்கொள்ளலாம். ரொக்கம் வேண்டாம் என்றால், அதைவிடக் கூடுதல் மதிப்புக்கு அந்த நிறுவனத்திடமே பொருளாக வாங்கிக்கொள்ளலாம். இரண்டாவதுதான் லாபம் என்று தோன்றும். ஆனால் அந்த வரவு அதே பட்டியலுக்குள்தான் செல்லும்.

எனக்கு உறுத்தியது வேறு. எந்தப் புத்தகம் வர வேண்டும் என்பதில் நமக்குச் சொல் குறைவு. எங்களுக்கு வந்த அடுக்குகளில் பாதிக்குப் பாதி அழிப்பான், பேனா, சாவிக்கொத்து, சுவரொட்டி. பிள்ளைகள் பொம்மை அழிப்பான் வாங்கிக்கொண்டு மகிழ்ச்சியாகப் போனார்கள். தவறு சொல்லவில்லை, ஆனால் அதற்கு எதற்குப் புத்தகக் கண்காட்சி என்று பெயர்? தெரிவு யார் கையில் என்பது அற்பமான கேள்வியும் அல்ல. 2023இல் அதே ஸ்காலஸ்டிக் நிறுவனம், இனம், பாலின அடையாளம் போன்றவற்றைத் தொடும் குழந்தை நூல்களைத் தனித் தொகுப்பாகப் பிரித்து, பள்ளிகள் விரும்பினால் தவிர்த்துவிடலாம் என்று வைத்தது. கடும் எதிர்ப்பு வந்ததும் அந்த ஏற்பாட்டைக் கைவிடுவதாக அறிவித்தது. கண்காட்சி நம் கூடத்தில் நடந்தாலும் மேசை யாருடையது என்பதை அப்போது பலரும் கேட்டார்கள். உதவிக்கு ஆளே இல்லாத பள்ளி என்றால் இந்த முறையை எடுத்துக்கொள்ளுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பழைய புத்தகப் பரிமாற்றமும் ஒரு வழி. ஒன்று கொடுத்து ஒன்று எடுத்துச் செல்வது. செலவு இல்லை, வரவும் இல்லை. ஒரே ஒருமுறை சிறிய அளவில் செய்து பார்த்தேன். நல்ல புத்தகங்கள் முதல் அரை மணி நேரத்தில் தீர்ந்தன, பழைய பயிற்சிக் கையேடுகள் எங்கள் தலையில் நின்றன. அவ்வளவுதான் என் அனுபவம்.

உண்மையான போட்டி மற்ற இரண்டுக்கும் இடையில்தான்: கூடுதல் கழிவில் விலைக்கு வாங்குவதா, குறைந்த கழிவில் திருப்பித் தரும் உரிமையோடு வாங்குவதா? கழிவு என்ற சொல்லைக் கேட்டதும் நமக்கு மற்றது எதுவும் காதில் விழுவதில்லை. எனக்கும் விழவில்லை. பிறகு ஒரு நாள் ஒரு தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

100 பிரதிகள், ஒவ்வொன்றின் அச்சிட்ட விலையும் 100 என்று வைத்துக்கொள்வோம். விலைக்கு வாங்கினால் கழிவு 40. ஆக முதலிலேயே 6,000 கொடுத்துவிடுகிறோம். திருப்பித் தரும் ஏற்பாட்டில் கழிவு 20தான். விற்ற ஒவ்வொன்றுக்கும் 80 கொடுக்க வேண்டும், விற்காததற்கு ஒன்றுமில்லை. 90 பிரதி விற்றால் முதல் வழியில் 3,000 மிச்சம், இரண்டாவதில் 1,800. கழிவுக்காரர் வென்றார். 65 விற்றால்? முதல் வழியில் 500, இரண்டாவதில் 1,300. இரண்டும் சமமாகிற இடம் 75. அங்கே இரு வழியிலும் 1,500. ஆனால் முதல் வழியில் அதோடு 25 புத்தகங்களும் அலமாரியில் நிற்கும்.

பிள்ளைகளுக்கு நாமும் பத்து விழுக்காடு தள்ளுபடி கொடுத்தால் இந்தக் கணக்கு சரிந்துவிடாதா என்று எங்கள் தலைமை ஆசிரியர் கேட்டார். போட்டுப் பார்த்தோம். 75இல் இரு வழியிலும் மிச்சம் பாதியாகிறது, ஆனால் அந்த 75 அசையவே இல்லை. காரணம் எளிது: எந்த விலைக்கு விற்றாலும் இரு வழியிலும் வரும் பணம் ஒன்றுதான், நாம் கொடுக்க வேண்டியதுதான் வேறுபடுகிறது. ஒரு பிரதிக்கு முதல் வழியில் கொடுக்கும் 60ஐ இரண்டாவதில் கொடுக்கும் 80ஆல் வகுத்தால் முக்கால். உங்களுக்குக் கிடைக்கும் கழிவுகள் வேறாக இருந்தால் அதே முறையில் வகுத்துக்கொள்ளுங்கள். பிறகு நெஞ்சில் கை வைத்துக் கேட்டுக்கொள்ளுங்கள்: கொண்டுவருவதில் முக்கால் பங்கு விற்றுவிடும் என்று உறுதி சொல்ல முடியுமா? என் முதல் இரண்டு கண்காட்சிகளில் பாதியைத் தாண்டவே திணறினோம்.

மீந்ததைப் பரிசளிப்பு விழாவில் கொடுத்துவிடலாம் என்பார்கள். கொடுத்தோம். எந்தப் பிள்ளையும் காசு கொடுத்து எடுக்காத புத்தகத்தை ஓட்டப்பந்தயத்தில் முதலில் வந்தவளுக்குக் கொடுத்தபோது அவள் முகம் போன போக்கைப் பார்த்த பிறகு அந்த யோசனையை விட்டுவிட்டேன். நூலகத்துக்குப் புத்தகம் வாங்க ஏற்கெனவே நிதி ஒதுக்கியிருக்கும் பள்ளிக்கு மட்டும் இந்த வாதம் பொருந்தும். அங்கே மீந்த பிரதியும் நட்டமல்ல. ஆனாலும் ஒரே தலைப்பில் 14 பிரதியை எந்த நூலகமும் கேட்காது.

பணத்தைக் காட்டிலும் பெரிய வேறுபாடு மேசையில் தெரியும். மீந்தால் நம் கணக்கு என்ற பயம் வந்துவிட்டால் கை தானாக அகராதிக்கும் பொது அறிவுக்கும் வண்ணம் தீட்டும் புத்தகத்துக்கும் போகிறது. முதல் இரண்டு ஆண்டு மேசைகளின் படங்களை எடுத்துப் பார்த்தால் ஏதோ தேர்வுக்கான கடை போல இருக்கிறது. அமெரிக்கப் பதிப்புலகில் மீந்த பிரதிகளைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் வழக்கம் 1930களின் பெருமந்தக் காலத்தில் பரவியதும் இதனால்தான். புதியவர்களின் நூல்களை வாங்கி வைக்கக் கடைக்காரர்கள் தயங்கினார்கள், அந்தத் தயக்கத்தைப் பதிப்பாளர்கள் தம் தோளில் வாங்கிக்கொண்டார்கள். திருப்பித் தரலாம் என்று ஆனபோது எனக்கும் துணிச்சல் வந்தது. சிலந்திகளைப் பற்றி ஒரு கனமான படப்புத்தகம், ஒரு சிறுவர் கவிதைத் தொகுப்பு, சொற்களே இல்லாத ஒரு படக்கதை என்று கேட்டு வாங்கினேன். கவிதை விற்கவில்லை. சிலந்தி இரண்டாம் நாளே தீர்ந்து, கடைக்காரர் மேலும் எட்டுப் பிரதி கொண்டுவந்தார். நடுவில் சரக்கு மாற்றிக்கொள்ளும் இந்த வசதிக்கு நான் தனி மதிப்பெண் தருவேன்.

இனி இந்த வழியின் விலை. அது கழிவில் இல்லை, எண்ணிக்கையில் இருக்கிறது. காணாமல் போகும் ஒவ்வொரு பிரதிக்கும் நாம்தான் 80 கொடுக்க வேண்டும். மேலே சொன்ன 1,500 மிச்சத்தில் மூன்று பிரதி தொலைந்தால் 240 போயிற்று. ஆகவே சரக்கோடு வரும் பட்டியலான சலானை வாங்கி வைத்துக்கொண்டு பிறகு எண்ணிக்கொள்ளலாம் என்று ஒருநாளும் இருந்துவிடாதீர்கள். கடைக்காரரின் ஆள் நிற்கும்போதே பெட்டியைப் பிரித்து எண்ண வேண்டும்.

எண்ணுவது என்றால் தலைப்பை வைத்து எண்ணுவது அல்ல. இதை நான் பட்டுத்தான் கற்றேன். ஒரே கதை, ஒரே அட்டைப்படம், ஒன்று கெட்டி அட்டை, மற்றது சாதா அட்டை. இரண்டையும் சேர்த்து 12 என்று குறித்துவிட்டோம். திருப்பும் நாளில் கடைக்காரர் நிமிர்ந்து பார்த்து, “டீச்சர், கெட்டி அட்டையில் மூன்று குறைகிறதே” என்றார். விலை குறைந்த பிரதியின் விலைக்கு அந்த மூன்றையும் விற்றுத் தொலைத்திருக்கிறோம். அதன் பிறகு பின்னட்டையில் பட்டைக்கோட்டோடு இருக்கும் ஐஎஸ்பிஎன் என்ற பன்னாட்டு நூல் எண்ணை வைத்தே பட்டியல் போடுகிறோம். 2007 முதல் அது 13 இலக்கம். அட்டை வகை மாறினால் எண்ணும் மாறும் என்பதால் இந்தக் குழப்பத்துக்கு இடமில்லை. கடைசி நான்கைந்து இலக்கத்தைக் குறித்தாலே எங்கள் அளவுக்குப் போதுமானதாக இருக்கிறது. ஆனால் அந்த எண் பதிப்புக்கு உரியது, பிரதிக்கு உரியது அல்ல. 12 பிரதிக்கும் அதே எண்தான். எனவே அலைபேசியில் வருடிவிட்டால் கணக்கு தானே வந்துவிடும் என்று நம்பி உட்கார்ந்துவிட முடியாது. கை எண்ணிக்கை இல்லாமல் தீராது.

பழுதும் நம் கணக்கு. விலைச்சீட்டை அட்டையில் ஒட்டவே ஒட்டாதீர்கள். பிய்த்தால் பசை நிற்கும், பசை நின்றால் கடைக்காரர் எடுக்க மாட்டார். விலையைத் துண்டுச் சீட்டில் எழுதி உள்ளே செருகுகிறோம். வெள்ளை அட்டைப் புத்தகங்கள்தான் முதலில் அழுக்காகின்றன, அவற்றில் ஒரு பிரதியை மட்டும் வெளியே வைத்து மற்றதைப் பெட்டியிலேயே விட்டுவிடுகிறோம். இன்னொன்றும் உண்டு. காசு கொண்டுவராத பிள்ளை தனக்குப் பிடித்ததை மறுநாள்வரை காப்பாற்ற ஒளித்து வைக்கும். அகராதிகளுக்குப் பின்னால், மேசை விரிப்புக்கு அடியில், ஒருமுறை ஆர்மோனியப் பெட்டிக்குள்ளேயே ஒரு திமிங்கலப் புத்தகம் கிடைத்தது. காணாமல் போனதாக எழுதிய பிரதிகளில் பாதி இப்படித் திரும்பி வருவதுண்டு. இப்போது ஒளிப்பதற்குப் பதிலாகப் பெயர் எழுதி வைத்துவிட்டுப் போக ஒரு தட்டு ஒதுக்கியிருக்கிறோம். எண்ணிக்கைச் சிக்கலில் பெரும்பகுதி அந்த ஒரு தட்டிலேயே தீர்ந்தது.

ஐந்து நாள் கண்காட்சிக்கு இந்த எண்ணும் வேலை மட்டும் எங்களுக்கு ஏறக்குறைய எட்டு மணி நேரம் பிடிக்கிறது, இரண்டு பேருக்கு. விலைக்கு வாங்கும் முறையில் இந்தத் தலைவலி இல்லை. தொலைந்தாலும் நம்முடையது, மீந்தாலும் நம்முடையது, யாருக்கும் கணக்குச் சொல்ல வேண்டியதில்லை. எண்ணுவதற்கு ஆள் கிடைக்காத பள்ளிக்கு அது நியாயமான காரணம்தான்.

நானும் விலைக்கு வாங்குவதை அடியோடு விட்டுவிடவில்லை. பிள்ளைகள் அடுத்த பாகம் எப்போது என்று நச்சரிக்கும் தொடர்கதை, வகுப்பே வாங்கப் போகிறது என்று ஆசிரியர் உறுதி சொன்ன அகராதி போன்ற முக்கால் பங்கை நிச்சயமாகத் தாண்டும் தலைப்புகளை முழுக் கழிவில் வாங்குகிறேன். மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கு இருக்கும். இந்த இரண்டு சரக்கையும் ஒரே மேசையில் கலக்கக் கூடாது. கலந்தால் திருப்பும் நாளில் நம் புத்தகமும் அவர் பெட்டியில் ஏறிவிடும்.

எங்களுடையது நடுநிலை வகுப்புகளோடு நிற்கும் சிறிய பள்ளி. ஆயிரக்கணக்கில் பிள்ளைகள் படிக்கும் இடத்தில் விற்பனை முக்காலை எளிதாகத் தாண்டலாம், அங்கே என் கணக்கு தலைகீழாகலாம். பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கு நான் நடத்தியதில்லை என்பதால் அதைப் பற்றிப் பேசவில்லை. தேதியில் மட்டும் ஒரு சொல்: யுனெஸ்கோ 1995இல் உலகப் புத்தக நாளாக அறிவித்த ஏப்ரல் 23ஐ ஒட்டி எல்லோரும் கண்காட்சி வைக்க நினைப்பார்கள். நல்ல கடைக்காரர் ஒரே வாரத்தில் எத்தனை பள்ளிக்குத்தான் சரக்குப் பிரித்துக் கொடுப்பார்? நாங்கள் வேறு மாதத்துக்கு மாறிய பிறகுதான் கேட்ட தலைப்புகள் கேட்டபடி வந்தன.

கடந்த முறை திருப்பும் நாளில் எல்லாம் சரியாக இருந்தது, ஒரு புத்தகத்தைத் தவிர. எரிமலைகளைப் பற்றியது. அதன் முதுகு உடைந்து, ஒரு பக்கம் தானாகத் திறந்துகொண்டது. ஆறாம் வகுப்பு மாணவன் ஒருவன் நான்கு நாள்களும் மதிய இடைவேளையில் மேசையோரம் நின்றபடியே அதைப் படித்து முடித்ததை நான் பார்த்திருந்தேன். கடைக்காரர் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, எடுத்துக்கொள்ள முடியாது என்று தள்ளி வைத்தார். பழுது என்ற கட்டத்தில் ஒன்று என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்தப் புத்தகம் இப்போது நூலகத்தில் இருக்கிறது, கீழ்த்தட்டில் அல்ல.