ஜிராவிலிருந்து ட்ரெல்லோவுக்கு: மாவை எங்கே அரிப்பது?

கொக்குவிலில் ஆறு பேர் வேலை செய்யும் சின்னக் கந்தோர் எங்களுடையது. வேலை முழுவதும் ஜிராவில், அதாவது வேலைகளை அட்டை அட்டையாகப் பதிந்து பின்தொடரும் மென்பொருளில், நடக்கும். ஒஸ்லோவில் இருக்கும் கிளையன்டுக்கு ஜிரா ஒத்துவராது, அவருக்கு ட்ரெல்லோ பலகைதான் வேண்டும்: அதுவும் வேலை அட்டைகளை வரிசையாக ஒட்டிக் காட்டும் மென்பொருள்தான். ட்ரெல்லோவை, ஜிராவைச் செய்யும் அட்லாசியன் நிறுவனம் 2017இலேயே வாங்கிவிட்டது. இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்தான், ஆனாலும் ஒன்றில் போடுவது மற்றதில் தானாக வராது. நாங்கள்தான் குழாய் போட்டோம், அதுவும் வடிகட்டி இல்லாமல். நல்லூர்த் திருவிழா நேரம் "தேருக்கு எல்லாரும் லீவு, சேர்வரை ஆர் பார்க்கிறது?" என்ற அட்டை கிளையன்டின் பலகையில் போய் நின்றது. அவர் பகிடியாகத்தான் எடுத்தார். அதற்குக் கீழே நின்ற அட்டையில் எங்கள் மணித்தியாலக் கணக்கு இருந்தது. அதை அவர் பகிடியாக எடுக்கவில்லை.

எது போகலாம், எது போகக்கூடாது என்று மா அரிப்பதுபோல அரிக்க வேண்டும் என்பதில் அதற்குப் பிறகு கதையே இல்லை. ஜிராவிலேயே அரித்து அனுப்புவதா, எல்லாவற்றையும் வரவிட்டு நடுவில் இன்னொரு கருவியில் அரிப்பதா என்பதில்தான் இழுபறி. இரண்டையும் செய்து பார்த்தோம். இப்போது நடுவில்தான் அரிக்கிறோம், என் சாய்வும் அந்தப் பக்கம்தான்.

ஜிராவிலேயே அரிப்பது சுலபம். வெப்ஹூக் (மாற்றம் நடந்ததும் வெளியே செய்தி அனுப்பும் வசதி) அமைக்கும் இடத்தில் ஒரு ஜேகியூஎல் (ஜிராவின் தேடல் மொழி) வரி எழுதினால், அதற்குப் பொருந்தும் அட்டைகளின் செய்தி மட்டும் வெளியே போகும். பத்து நிமிட வேலை, செலவில்லை, வேண்டாத தரவு வாசலைத் தாண்டுவதுமில்லை. ஒரு பொறி மட்டும் உண்டு. "லேபிள் இன்டர்னல் அல்லாதவை" என்று எழுதினால், லேபிளே போடாத அட்டைகளும் விடுபட்டுப்போகும். வெறுமையான புலத்தை ஜேகியூஎல் "அல்லாதவை" கணக்கில் சேர்க்காது, "லேபிள் வெறுமை" என்பதைத் தனியாகச் சேர்க்க வேண்டும். நாங்கள் வரியையே திருப்பிவிட்டோம்: 'கிளையன்ட்' என்ற லேபிள் உள்ளவை மட்டும் போகட்டும். யாராவது மறந்தால் அட்டை போகாமல் நிற்கும், போகக்கூடாதது போகாது. எந்த வழியை எடுத்தாலும் இதை மட்டும் இப்படியே செய்யுங்கள்.

நடுவில் அரிக்க ஜாப்பியர், மேக், என்8என் என்று, ஒரு செயலியிலிருந்து இன்னொன்றுக்குத் தரவைக் கடத்தும் கருவிகள் பல உண்டு. விலையை நீங்களே பார்த்துக்கொள்ளலாம். ஜாப்பியரில் வடிகட்டியில் நின்றுபோனது கட்டணக் கணக்கில் ஏறாது. மேக்கில் வடிகட்டிக்குக் காசில்லை, அதற்கு முன்னால் நடந்த படிக்கு உண்டு. என்8என்னைச் சொந்தச் சேர்வரில் ஓடவிட்டால் சேர்வர் வாடகை மட்டும்தான். நாங்கள் எடுத்தது அதை.

சரி, இனி என்னைத் திருப்பிய விஷயம். வடிகட்டி என்றால் எது உள்ளே போகலாம் என்றுதான் எல்லோரும் யோசிக்கிறோம். ஏற்கெனவே போய்விட்ட ஒன்று பிறகு தகுதி இழந்தால் என்ன செய்வது?

எங்களுக்கு நடந்தது இது. பணம் கட்டும் பக்கத்துக்கான அட்டைக்குத் திங்கள் 'கிளையன்ட்' லேபிள் போட்டோம், அது ட்ரெல்லோவுக்குப் போனது. வியாழன் அந்த வேலையைத் தள்ளிவைத்து லேபிளைக் கழற்றினோம். ஜிரா மாற்றத்துக்குப் பிறகான நிலையை வைத்துத்தான் ஜேகியூஎல்லைப் பொருத்திப் பார்க்கும். லேபிள் இப்போது இல்லை, ஆகவே பொருந்தவில்லை, ஆகவே செய்தியும் இல்லை. கழன்றுபோனது என்ற தகவலையே வடிகட்டி பிடித்து வைத்துக்கொண்டது. ட்ரெல்லோவில் "வெள்ளிக்குள் முடியும்" என்று அந்த அட்டை மூன்று கிழமை நின்றது. கிளையன்ட் அழைப்பில் கேட்டபோதுதான் எங்களுக்கே தெரியும்.

அம்மம்மா மா அரித்தால் அரிதட்டில் மிஞ்சும் கப்பியைக் கொட்டமாட்டா. திரும்ப உரலுக்குள் போட்டு இடிப்பா. ஜிராவில் அரிக்கும்போது அந்தக் கப்பி நம் கைக்கு வருவதேயில்லை.

என்8என்னில் 'இஃப்' என்ற கணுவுக்கு, அதாவது நிபந்தனை பார்க்கும் படிக்கு, இரண்டு வாசல்கள்: ஆம், இல்லை. ஆம் பக்கம் அட்டையை உருவாக்கும் அல்லது புதுப்பிக்கும். இல்லை பக்கம் வந்தால், இந்த ஜிரா இலக்கத்துக்கு ட்ரெல்லோவில் அட்டை ஏற்கெனவே இருக்கிறதா என்று எங்கள் சின்ன அட்டவணையில் பார்க்கும். ஜிரா இலக்கம், ட்ரெல்லோ இலக்கம் என்று இரண்டே நிரல்கள் கொண்ட அட்டவணை அது. இருந்தால் ட்ரெல்லோ அட்டையை ஆர்க்கைவ் செய்யும், இல்லாவிட்டால் பேசாமல் விடும். மேக்கில் கிளை பிரிக்கும் ரவுட்டர் போட்டு இதைச் செய்யலாம். ஜாப்பியரின் வடிகட்டி அந்த இடத்தில் நிறுத்திவிடும், கிளை பிரிக்க 'பாத்ஸ்' வேண்டும், அது கட்டணத் திட்டங்களில்தான்.

இரவில் ஒருமுறை இரண்டு பக்கத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தால் போதாதா என்று பெடியள் கேட்டார்கள். நியாயமான கேள்வி. ஆனால் கோடையில் ஒஸ்லோவில் காலை ஒன்பது மணி என்றால் இங்கே பன்னிரண்டரை. காலையில் நாங்கள் கழற்றியதை அவர் அன்றைக்கே பார்த்துவிடுவார். இரவு ஒப்பீட்டையும் வைத்திருக்கிறோம், அது வேறு காரணத்துக்கு: முதலில் என்8என் கந்தோர்க் கணினியில் ஓடியது. கரண்ட் போனால் அதுவும் போகும். ஜிரா சில தடவை திரும்ப அனுப்பிப் பார்த்துவிட்டு விட்டுவிடும். பிறகு வாடகைச் சேர்வருக்கு மாறினோம், ஆனாலும் இரவு ஒப்பீட்டை நிறுத்த எனக்கு மனம் வரவில்லை.

இன்னொன்று: ஜேகியூஎல் அட்டையைத்தான் தெரிவுசெய்யும், அட்டைக்குள் இருப்பதை அல்ல. விவரணம், நேரக் கணிப்பு எல்லாம் கூடவே வரும். நடுவில் நாங்கள் தலைப்பு, நிலை, முடிவுத் தேதி மூன்றை மட்டும் எடுத்து அனுப்புகிறோம்.

இருபக்கமும் ஒத்திசைக்கும் யுனிட்டோ போன்றவற்றைச் சோதனைக் காலத்தில் தொட்டுப் பார்த்ததோடு சரி. கிளையன்டும் அட்டைகளில் எழுதித் திருத்துபவராக இருந்தால் அவற்றைத்தான் முதலில் பார்ப்பேன், ஆனால் அனுபவத்தில் சொல்லவில்லை. எங்களுடையது ஒருவழி, நாற்பது அட்டைக்குள். ஆயிரக்கணக்கில் இருந்தால் இந்தக் கட்டமைப்பு தாங்குமா என்றும் பார்த்ததில்லை. ஒருமுறை அனுப்பிவிட்டுத் திரும்பிப் பார்க்கத் தேவையில்லாத அறிவிப்புகள் மட்டும்தான் என்றால், ஜிராவின் ஒரு வரியே போதும். சேர்வரைக் கட்டி மேய்க்க வேண்டாம்.

இந்த முறையும் தேர் லீவுக்குத் தம்பி ஒருவர் ஜிராவில் அட்டை போட்டார். லேபிள் இல்லை, ட்ரெல்லோவுக்குப் போகவில்லை. இரண்டு நாள் கழித்துத்தான் உறைத்தது, கிளையன்டுக்கும் அது தெரிய வேண்டுமே. நானே ட்ரெல்லோவில் கையால் ஒரு அட்டை போட்டேன்: தேரன்று கந்தோர் பூட்டு.