சிக்னலா, செக்யூர்டிராப்பா, தபாலா, நேரிலா: நிருபருக்குத் தகவல் கொடுக்கிறவர் எதை நம்பலாம்?

"சிக்னலில் அனுப்பிவிடு, யாராலும் கண்டுபிடிக்க முடியாது." இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைக் கலக்கும். சிக்னல் நல்ல செயலிதான், தினமும் பயன்படுத்துகிறேன். ஆனால் வேலை பார்க்கும் இடத்தில் நடக்கும் ஒரு அநியாயத்தை வெளியே கொண்டுவர நினைக்கிற ஒருவர், இந்த ஒரு வரியை நம்பி அலுவலக லேப்டாப்பிலேயே சிக்னலைப் போட்டு, ஆவணத்தை அப்படியே அனுப்பிவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போகிறார் என்றால், அவருடைய வேலையும் சில இடங்களில் உயிருமே அந்த வரியை நம்பித்தான் தொங்குகிறது.

அதனால் ஒவ்வொரு வழியையும் மூன்று கேள்விகளை வைத்துப் பார்க்கிறேன். நான் இந்த நிருபரைத் தொடர்பு கொண்டேன் என்பது எங்காவது பதிவாகிறதா? நடுவில் இருக்கும் நிறுவனத்துக்கு நீதிமன்ற ஆணை போனால் அவர்கள் கையில் கொடுக்க என்ன இருக்கும்? அனுப்பிய பிறகு நிருபர் திரும்ப ஒரு சந்தேகம் கேட்க வழி உண்டா? செய்தி பூட்டப்பட்டிருக்கிறதா, அதாவது நடுவில் யாரும் படிக்க முடியாதபடி மறையாக்கம் ஆகியிருக்கிறதா என்பதை நான் முதலில் கேட்பதில்லை, ஏனென்றால் என்ன பேசினார்கள் என்று தெரியாமலேயே, யார் யாரோடு எப்போது பேசினார் என்பதை வைத்தே ஆளைப் பிடித்துவிட முடிகிறது.

மின்னஞ்சலை முதலிலேயே தள்ளிவிடலாம். அனுப்பியவர், பெற்றவர், நேரம், தலைப்பு எல்லாம் சேவை நடத்துபவரிடம் கிடக்கும். பிஜிபி என்ற மறையாக்க மென்பொருளைப் போட்டுப் பூட்டினாலும் கடிதம்தான் பூட்டப்படுகிறது, உறையில் எழுதியிருப்பது அப்படியே தெரியும். அதோடு பிஜிபியை அமைப்பதற்குள் பாதிப் பேருக்குப் பொறுமை போய்விடும். அமெரிக்க அரசின் ரகசியக் கண்காணிப்பை அம்பலப்படுத்திய எட்வர்ட் ஸ்னோடன் 2012 டிசம்பரில் முதலில் அணுகிய நிருபர் கிளென் கிரீன்வால்ட் அதை அமைக்காமலே நாளைக் கடத்த, ஸ்னோடன் ஆவணப்பட இயக்குநர் லாரா பாய்ட்ரஸிடம் போனார். சரி, சுவிஸ் நிறுவனத்தின் மறையாக்க மின்னஞ்சலான புரோட்டான்மெயில்? சாதாரண மின்னஞ்சலைவிட நிச்சயம் மேல். ஆனால் 2021-ல் சுவிஸ் அதிகாரிகளின் ஆணைக்குக் கட்டுப்பட்டு, பிரான்ஸைச் சேர்ந்த ஒரு சுற்றுச்சூழல் போராளியின் இணைய இணைப்பை அடையாளம் காட்டும் ஐபி முகவரியைப் பதிவுசெய்து கொடுக்க வேண்டிய நிலை அந்த நிறுவனத்துக்கு வந்தது. உள்ளே இருந்த கடிதங்களைத் திறந்து கொடுக்க அவர்களால் முடியாது, கொடுக்கவும் இல்லை. ஆனால் ஆளைத் தேடுகிறவர்களுக்கு அந்த முகவரியே போதும்.

அடுத்தது செயலிகள். முழுப் பூட்டு என்றால் பேசும் இருவரைத் தவிர, செயலி நடத்தும் நிறுவனம்கூடப் படிக்க முடியாது. டெலிகிராமில் சாதாரண அரட்டை முழுப் பூட்டில் இல்லை, 'ரகசிய அரட்டை' என்று தனியாகத் தொடங்கினால்தான் உண்டு. இது தெரியாமலே அதைப் பாதுகாப்பின் மறுபெயராக நினைத்துக்கொண்டிருப்பவர்கள் ஏராளம். வாட்ஸ்அப் 2016-லிருந்து முழுப் பூட்டில்தான் இருக்கிறது, ஆனால் யார் யாரோடு பேசுகிறார்கள் என்பது நிறுவனத்தின் கண்ணுக்குத் தெரியும், கேட்டால் கொடுக்கவும் முடியும். அமெரிக்க நிதித்துறையின் நிதிக்குற்றப் பிரிவில் வேலை பார்த்த நாட்டலி எட்வர்ட்ஸ் 2018-ல் கைதானபோது, மறையாக்கம் செய்யப்பட்ட ஒரு செயலியில் அவருக்கும் நிருபருக்கும் இடையே எப்போது எத்தனை செய்திகள் போய்வந்தன என்ற கணக்கு குற்றச்சாட்டிலேயே இருந்தது. 2021-ல் அவருக்கு 6 மாதச் சிறை.

சிக்னல் இந்த இடத்தில்தான் தனித்து நிற்கிறது. 2016-ல் அமெரிக்காவில் ஒரு நீதிமன்ற ஆணை வந்தபோது அவர்களால் கொடுக்க முடிந்தது இரண்டே விவரங்கள்: கணக்கு எப்போது தொடங்கப்பட்டது, கடைசியாக எப்போது இணைப்பில் வந்தது. சேர்த்து வைக்காததை யாராலும் பிடுங்க முடியாது. 2024-லிருந்து பயனர்பெயர் வசதியும் வந்துவிட்டது, எண்ணைக் காட்டாமலே நிருபரோடு பேசலாம். ஆனாலும் கணக்குத் தொடங்க ஒரு தொலைபேசி எண் வேண்டும், அந்த சிம் பெரும்பாலும் நம் பெயரில்தான் இருக்கும். அப்புறம், பேச்சு இரண்டு முனைகளிலும் திறந்தே கிடக்கிறது. 2021-ல் பெகாசஸ் என்ற உளவு மென்பொருள் விவகாரம் வெளியானபோது குறிவைக்கப்பட்டவர்களில் பத்திரிகையாளர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். நிருபரின் போனுக்குள்ளேயே உளவு மென்பொருள் புகுந்துவிட்டால் நடுவழியில் எத்தனை பூட்டு இருந்தும் ஒன்றுதான். அதனால் சிக்னலைத் தேர்ந்தெடுப்பவர் தானாக மறையும் செய்திகளை முதல் வரி எழுதும் முன்பே போட்டுவிட வேண்டும், பூட்டுத்திரையில் நிருபர் பெயர் எட்டிப் பார்க்காதபடி அறிவிப்பை அணைக்க வேண்டும், அலுவலகம் கொடுத்த எந்தக் கருவியிலும் அதைத் திறக்கவே கூடாது. பல நிறுவனங்கள் ஊழியர்களின் கணினித் திரையையே பார்க்கும் மென்பொருளை நிறுவி வைத்திருக்கின்றன.

செக்யூர்டிராப், தகவல் கொடுக்கிறவர்களிடமிருந்து கோப்புகளை வாங்கப் பத்திரிகைகள் தாங்களே நிறுவிக்கொள்ளும் மென்பொருள், இந்த வேலைக்காகவே கட்டப்பட்டது. ஆரோன் ஸ்வார்ட்ஸ், கெவின் பவுல்சன், ஜேம்ஸ் டோலன் ஆகியோர் உருவாக்கியது. 2013 மே மாதம், ஸ்வார்ட்ஸ் இறந்து சில மாதங்களில், நியூயார்க்கர் இதழ் 'ஸ்ட்ராங்பாக்ஸ்' என்ற பெயரில் முதலில் நிறுவியது, அதே ஆண்டு ஃப்ரீடம் ஆஃப் தி பிரஸ் ஃபவுண்டேஷன் பொறுப்பை எடுத்துக்கொண்டது. இணைப்பைப் பல கணினிகள் வழியாகச் சுற்றிவிட்டு ஆளை மறைக்கும் டார் பிரவுசரில், அதில் மட்டுமே திறக்கும் பத்திரிகையின் ஆனியன் முகவரிக்குப் போனால் பெயர் கேட்காது, மின்னஞ்சல் கேட்காது, எண் கேட்காது. திரையில் ஏழு ஆங்கிலச் சொற்கள் ஒரு வரிசையாக வரும், ஒன்றுக்கொன்று சம்பந்தமே இருக்காது. அந்த ஏழுதான் நீங்கள். கோப்பை ஏற்றிவிட்டு மூடலாம், சில நாள் கழித்து அதே சொற்களைத் தட்டினால் நிருபரின் பதில் அங்கே காத்திருக்கும். அந்தப் பக்கம் நிருபர் உங்கள் கோப்பை இணையமே இல்லாத தனிக் கணினியில்தான் திறக்கிறார். சர்வர் பத்திரிகையின் சொந்தக் கட்டுப்பாட்டில் இருப்பதால், ஆணையோடு போய் நிற்க நடுவில் மூன்றாவது நிறுவனம் ஒன்று கிடையாது.

மூன்று கேள்விகளுக்கும் நல்ல பதில் தருவது இது ஒன்றுதான் என்பது என் முடிவு. குறை என்னவென்றால் வேகம் இல்லை, பெட்டியைத் தினமும் திறந்து பார்க்காத பத்திரிகைகள் உண்டு, இந்த வசதியே இல்லாத பத்திரிகைகள் இன்னும் அதிகம். பயன்படுத்தும் முறையிலும் ஒரு பொறி இருக்கிறது. 2013-ல் ஹார்வர்ட் மாணவர் ஒருவர் தேர்வைத் தள்ளிப்போட வெடிகுண்டு மிரட்டல் அனுப்பினார், டார் வழியாகத்தான். அவர் செய்தது தப்பு, அது வேறு. மாட்டிய விதத்தைக் கவனியுங்கள்: பல்கலைக்கழக வைஃபையில் அந்த நேரத்தில் டார் பயன்படுத்தியவர்கள் யார் யார் என்று பார்த்தார்கள், அந்தச் சிலரில் அவரும் இருந்தார். டார் நீங்கள் எங்கே போகிறீர்கள் என்பதை மறைக்கும், நீங்கள் டாரில் இருக்கிறீர்கள் என்பதை மறைக்காது. ஆக அலுவலக இணைப்பில் வேண்டவே வேண்டாம். ஆனியன் முகவரியைத் தேடி அந்தப் பத்திரிகையின் 'தகவல் தர' பக்கத்தை அலுவலகத்தில் உட்கார்ந்து சாதாரண பிரவுசரில் திறப்பதும் கூடாது, அங்கேயே முதல் தடயம் விழுந்துவிடும். டெயில்ஸ் என்ற இயங்குதளத்தைப் பென்டிரைவிலிருந்து இயக்கினால் கணினியில் எதுவும் தங்காது, முடிந்தவர்கள் அதைச் செய்யலாம்.

தபாலைப் பழசு என்று ஒதுக்க மாட்டேன். இணையமே சம்பந்தப்படாத வழி, கொஞ்சம் காகிதம் என்றால் இன்றும் நல்ல வழி. அனுப்புநர் முகவரி எழுதாமல், வழக்கமாகப் போகாத பகுதியின் தபால்பெட்டியில் போட்டால் போதும். நிருபர் திரும்பக் கேட்க முடியாது என்பது பெரிய இழப்புதான். அமெரிக்காவில் ஒவ்வொரு உறையின் வெளிப்பக்கமும் படமெடுக்கப்படுகிறது என்பது 2013-ல் வெளிவந்தது, முத்திரை எந்த ஊர் என்பதையும் சொல்லிவிடும். ஆனால் தபாலில் உண்மையான ஆபத்து உள்ளே இருக்கும் தாளில்தான். வண்ண லேசர் பிரிண்டரில் அச்சான தாள் ஒன்றை எடுத்து, இருட்டறையில் நீல எல்இடி வெளிச்சத்தின் கீழ் லென்ஸ் வைத்துப் பாருங்கள். எழுத்தே இல்லாத வெள்ளைப் பகுதியில் பொடிப்பொடியாகப் புள்ளிகள் தெரியக்கூடும், ஒரே அமைப்பு தாள் முழுக்கத் திரும்பத் திரும்ப வரும். மஞ்சள் நிறம் என்பதால் சாதாரண வெளிச்சத்தில் கண்ணில் படாது. ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஒரு பிரிண்டர் வரிசையில் இந்தப் புள்ளிகள் அச்சான தேதி, நேரம், இயந்திரத்தின் வரிசை எண் ஆகியவற்றைச் சொல்கின்றன என்று 2005-லேயே எலக்ட்ரானிக் ஃபிரான்டியர் ஃபவுண்டேஷன் என்ற டிஜிட்டல் உரிமை அமைப்பு படித்துக் காட்டிவிட்டது.

2017-ல் அமெரிக்க உளவு அமைப்புக்காக ஒப்பந்த நிறுவனத்தில் வேலை பார்த்த ரியாலிட்டி வின்னருக்கு நடந்ததை நினைத்தால் இன்றும் மனசு ஆறவில்லை. அமெரிக்கத் தேர்தலில் ரஷ்யத் தலையீடு பற்றிய ரகசிய அறிக்கையை அச்செடுத்துத் தபாலில் இன்டர்செப்ட் என்ற செய்தித்தளத்துக்கு அனுப்பினார். உண்மையா என்று சரிபார்க்க அந்தத் தளம் பிரதியை அரசிடமே காட்டியது. தாளில் மடிப்புத் தெரிந்தது, அப்படியானால் யாரோ அச்செடுத்திருக்கிறார்கள். அச்செடுத்தவர்கள் மொத்தம் 6 பேர். அந்த 6 பேரில் வேலையிடக் கணினியிலிருந்து இன்டர்செப்டுக்கு மின்னஞ்சல் அனுப்பியிருந்தவர் இவர் ஒருவர், அதுவும் வேறு ஏதோ சாதாரண விஷயத்துக்கு. வெளியான பிரதியில் மஞ்சள் புள்ளிகள் இருந்ததை மற்றவர்கள் பிறகு கண்டுபிடித்தார்கள், ஆனால் புலனாய்வாளர்கள் தாக்கல் செய்த மனுவில் அவற்றைப் பற்றிப் பேச்சே இல்லை. 2018-ல் 5 ஆண்டு 3 மாதம் தண்டனை. தபால் அவரைக் காட்டிக்கொடுக்கவில்லை, தபாலுக்கு முன்பும் பின்பும் நடந்தவைதான் கொடுத்தன.

நேரில் சந்திப்பதில் நம்பிக்கை வளரும், ஆவணத்தை விளக்கிச் சொல்ல முடியும், இணையத்தில் எதுவும் பதிவாகாது. அமெரிக்க அதிபர் நிக்சனைப் பதவி விலக வைத்த வாட்டர்கேட் ஊழல் காலத்தில், எஃப்பிஐ உயரதிகாரி மார்க் ஃபெல்ட் நிருபரைக் கார் நிறுத்துமிடத்தில் சந்தித்துப் பேசினார், 2005-ல் அவராகச் சொல்லும்வரை 30 ஆண்டுகளுக்கு மேல் பெயர் உறுதியாகவில்லை. ஆனால் அன்று யார் பையிலும் போன் இல்லை, சுவருக்குச் சுவர் கேமரா இல்லை. இன்று இரண்டு போன்கள் ஒரே நேரம் ஒரே இடத்தில் இருந்தன என்பதே பதிவு. அதைவிட, நேரில் பார்த்த நிருபருக்கு உங்களைத் தெரியும், தெரிந்ததைச் சொல்லச் சொல்லி அவரை நெருக்க முடியும். 2005-ல் நியூயார்க் டைம்ஸ் நிருபர் ஜூடித் மில்லர் தன் தகவலாளர் பெயரைச் சொல்ல மறுத்து 85 நாள் சிறையில் இருந்தார். எல்லா நிருபரும் அப்படி இருப்பார்கள் என்று எண்ணி இறங்க முடியாது, எண்ண வைப்பதும் நியாயமில்லை. முதல் தொடர்பு நேரில் வேண்டாம், நம்பிக்கை வந்த பிறகு தேவைப்பட்டால் பார்க்கலாம்.

எந்த வழியில் அனுப்பினாலும் ஆவணம் தன் கதையைத் தானே சொல்லிக்கொண்டு போகும். வேர்டு கோப்பின் விவரப் பகுதியில் 'கடைசியாகச் சேமித்தவர்' என்ற வரியில் உங்கள் பெயர் இருக்கும். 2012-ல் தலைமறைவாக இருந்த, வைரஸ் தடுப்பு மென்பொருளால் பேர்பெற்ற ஜான் மெக்காஃபி எங்கே இருக்கிறார் என்பதை, ஒரு பத்திரிகை வெளியிட்ட போட்டோவுக்குள் இருந்த ஜிபிஎஸ் எண்களே காட்டிவிட்டன: கவுதமாலா. ஒவ்வொருவருக்கும் போன மின்னஞ்சலில் வாக்கியங்களுக்கு நடுவே ஒரு இடைவெளி, இரண்டு இடைவெளி என்று மாற்றி வைத்துக் கசியவிட்டவரைப் பிடித்தோம் என்று 2022-ல் ஈலான் மஸ்க்கே எழுதினார். இதற்கு எந்தச் செயலியும் மருந்தில்லை. அசலைச் சரிபார்க்க மட்டும் காட்டுங்கள், அப்படியே வெளியிடவோ சம்பந்தப்பட்ட நிறுவனத்திடம் காட்டவோ வேண்டாம், சொந்த வார்த்தைகளில் எழுதுங்கள் என்று அனுப்பும் முன்பே நிருபரிடம் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். சம்மதிக்காத நிருபருக்கு நான் எதையும் தர மாட்டேன்.

ஆக, அந்த ஆவணத்தைப் பார்த்தவர்கள் பத்துப் பேருக்குள் என்றால் செக்யூர்டிராப்பைத் தவிர வேறு எதையும் நான் சொல்ல மாட்டேன், அதுவும் ஆவணத்தையே அனுப்பாமல் எங்கே தேட வேண்டும் என்று மட்டும் சொல்வது இன்னும் நல்லது. நூற்றுக்கணக்கானவர்கள் பார்த்தது, நிருபரோடு பலமுறை பேச வேண்டியிருக்கிறது என்றால் சொந்தப் போனில், பயனர்பெயரோடு சிக்னல். நான்கு பக்கக் காகிதம், ஒரே முறை என்றால் தபால். எதுவானாலும் நெருங்கிய நண்பரிடம்கூட வாய் திறக்கக் கூடாது: விக்கிலீக்ஸுக்கு ரகசிய ஆவணங்களைக் கொடுத்த அமெரிக்க ராணுவ வீரர் செல்சி மேனிங் 2010-ல் மாட்டியது இணையத்தில் பழகிய ஒருவரிடம் மனம்விட்டுப் பேசியதால்தான். பணக்காரர்களின் வெளிநாட்டு ரகசிய நிறுவனங்களைக் காட்டிய பனாமா ஆவணங்கள் என்று 2016-ல் வெளிவந்த 1 கோடியே 15 லட்சம் கோப்புகளைக் கொடுத்தவர், நேரில் சந்திப்பே கிடையாது, பூட்டப்பட்ட அரட்டை மட்டும்தான் என்று முதலிலேயே ஜெர்மன் நிருபரிடம் கறாராகச் சொல்லிவிட்டார். அவர் பெயர் இன்றுவரை வெளியே வரவில்லை.