மூடியைக்கூடத் திறக்காமல் மாற்றப்பட்ட பிரஷர் டேங்க்

கிணற்று மோட்டாருடன் பிரஷர் டேங்க் (உள்ளே ரப்பரின் ஒரு பக்கம் தண்ணீரும் மறுபக்கம் அதைத் தள்ளும் காற்றும் உள்ள டேங்க்) வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுப் பிறகு பிளம்பரைக் கூப்பிடுங்கள். நான் கூப்பிட்டுவிட்டுப் பிறகுதான் படித்தேன்.

குழாயைத் திறந்தால் தண்ணீர் ஒரு கணம் பீறிடும், மறுகணம் சோர்ந்துவிடும். தண்ணீரின் அழுத்தம் பார்த்து மோட்டாரை ஓட்டி நிறுத்தும் பிரஷர் சுவிட்ச் ‘டக்... டக்’ என்று சில விநாடிக்கு ஒருமுறை அடித்துக்கொண்டே இருக்கும். ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு ஆளை வரவழைத்தேன். வந்தவர் டேங்கை இரண்டு தட்டுத் தட்டினார். “உள்ளே ரப்பர் கிழிந்துவிட்டது சார், டேங்கையே மாற்ற வேண்டும்” என்றார். வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிற ஆள் நான், சரி என்றேன்.

பழையது 80 லிட்டர் டேங்க். மாலையில் அவர் கொண்டுவந்து பொருத்தியது 35 லிட்டர். கேட்டதற்கு, “இப்போது எல்லா வீட்டுக்கும் இதுதான் போடுகிறோம்” என்றார். பில்லில் ‘டேங்க் பழுது, மாற்றப்பட்டது’ என்று ஒரே வரி. அளவும் இல்லை, உத்தரவாதமும் இல்லை.

இரண்டே நாளில் மீண்டும் அதே ‘டக் டக்’. போனில் சொன்னபோது, புது டேங்க் பழகப் பத்து நாள் ஆகும் என்றார். செருப்பு பழகும், மருமகன் பழகுவார். இரும்பு டேங்க் எப்படிப் பழகும் என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும். பத்து நாளில் பழகியது டேங்க் அல்ல, போனை எடுக்காமல் இருப்பதற்கு அவர்தான்.

அதற்குள் மோட்டார் தொட முடியாத அளவுக்குச் சூடானது. மோட்டாருக்குக் காயில் கட்டும் பெரியவர் ஒருவரை அழைத்துவந்தேன். அவர் முதலில் மின்சாரத்தை நிறுத்தினார். டேங்கிலிருந்த தண்ணீரை முழுவதும் வடித்தார். டேங்கின் தலையில், சைக்கிள் டியூபில் இருப்பது போன்ற ஒரு சின்னக் காற்று வால்வு இருக்கிறது. அதன் மூடியின் மேல் தொழிற்சாலையில் ஒட்டிய சீல் கிழியாமல் அப்படியே இருந்தது. “தம்பி, இதை யாரும் திறக்கவே இல்லையே” என்றார். ஒரு படம் எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டுச் சீலைக் கிழித்து, டயர் கேஜை வைத்தார். 20 பி.எஸ்.ஐ. (அழுத்தத்தை அளக்கும் அலகு) காட்டியது.

எங்கள் சுவிட்ச் 40-ல் மோட்டாரை ஓட்டி 60-ல் நிறுத்தும். ஓடத் தொடங்கும் அழுத்தத்தைவிட 2 பி.எஸ்.ஐ. குறைவாக, அதாவது 38 அளவுக்கு, டேங்கில் காற்று இருக்க வேண்டும். இதைத் தண்ணீர் இல்லாதபோதுதான் அளக்க வேண்டும். டேங்கில் தண்ணீர் நிற்கும்போது கேஜ் காட்டுவது தண்ணீரின் அழுத்தத்தைத்தான். காற்று குறைந்தால் டேங்க் கொடுக்கும் தண்ணீரும் குறையும். மோட்டார் அடிக்கடி எழுந்து எழுந்து உட்காரும். மோட்டாரைக் கொல்வது ஓட்டமல்ல, இந்த எழுந்து உட்காருவதுதான் என்றார் பெரியவர்.

அவர் போன பிறகுதான் சுவர் ஓரமாகக் கிடந்த பழைய டேங்க் கண்ணில் பட்டது. கனமாக இருக்கிறது, பிறகு எடுத்துக்கொள்கிறேன் என்று பிளம்பர் விட்டுப்போனது. மனம் கேட்கவில்லை. வால்வு கீழே வரும்படி டேங்கைக் கவிழ்த்து, நடு ஊசியை ஆணியால் அழுத்தினேன். ரப்பர் கிழிந்திருந்தால் அங்கே தண்ணீர் வர வேண்டும். ஒரு சொட்டு இல்லை, ‘ஸ்...’ என்று கொஞ்சம் காற்று மட்டும் வந்து அடங்கியது. சைக்கிள் பம்பால் 38 வரை ஏற்றினேன் (தோள் இரண்டு நாள் வலித்தது, அது வேறு கதை). மூன்று நாள் கழித்து அளந்தாலும் அதே 38. கிழிந்ததாகச் சொன்ன ரப்பர்!

ஆண்டுக்கணக்கில் யாரும் பார்க்காததால் காற்று மெல்ல இறங்கியிருக்கிறது, அவ்வளவுதான். பார்க்காதது என் தவறு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பார்ப்பதற்கென்று கூலி வாங்கியவரும் பார்க்கவில்லை.

ஒரு கணக்கும் போட்டுப் பார்த்தேன். மோட்டார் நின்றவுடன் மின்சாரத்தைத் துண்டித்து, கேஜ் 60-லிருந்து 40-க்கு இறங்கும்வரை வாளியில் பிடித்தேன். பிளம்பர் பொருத்திய நிலையிலேயே விட்டிருந்த புது டேங்க் கொடுத்தது 6 லிட்டர். பழையதைத் திரும்ப மாட்டிய பிறகு ஏறத்தாழ 20 லிட்டர். எங்கள் மோட்டார் நிமிடத்துக்கு 20 லிட்டர் தள்ளும். ஒருமுறை ஓடினால் ஒரு நிமிடமாவது ஓட வேண்டும் என்பார்கள். அந்தக் குட்டி டேங்கில் அது 18 விநாடியில் நின்றுகொண்டிருந்தது.

வால்வில் தண்ணீர் பீறிட்டால் டேங்க் உண்மையிலேயே போய்விட்டது, மாற்றத்தான் வேண்டும். அப்போதும் பழைய டேங்கின் லிட்டர் அளவைக் குறித்துவைத்துக்கொண்டு பேசுங்கள். புதியதில் காற்றை உங்கள் கண் முன்னால் அளக்கச் சொல்லுங்கள்.

புது டேங்கைத் திரும்ப எடுத்துக்கொள்ளும்படி அவருக்குச் செய்தி அனுப்பினேன். ஒருமுறை பொருத்தியதை எடுக்க முடியாது என்று உடனே பதில் வந்தது. கிழியாத சீலின் படத்தை அனுப்பினேன். பார்த்துவிட்டார். இரண்டு வாரமாகப் பதில் இல்லை.