வங்கக்கடல் விடும் வெப்பத்தை எண்ணாகப் பார்க்க: ஓஏஃப்ளக்ஸ் தரவு பற்றி

மார்கழிக் காலையில் கடலூர் தேவனாம்பட்டினம் கடற்கரையில் ஈரத்துண்டைத் தோளில் போட்டு நின்று பாருங்கள், வாடைக்காற்று பட்டதும் தோள் சில்லிட்டுவிடும். துண்டிலிருக்கும் நீர் ஆவியாகும்போது உடம்புச் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. கடலுக்கும் இதேதான் நடக்கிறது. நீராவிக்குள் ஒளிந்து போகும் அந்த உள்ளுறை வெப்பம்தான் மேலே போய் மேகமாகும்போது காற்றுக்குத் திரும்பக் கிடைக்கிறது, புயலுக்குத் தீனியும் அதுதான். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியதிலிருந்து இதை எண்ணாகப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

அதற்கு நான் பயன்படுத்துவது அமெரிக்காவின் வுட்ஸ் ஹோல் கடலியல் நிறுவனம் தரும் ஓஏஃப்ளக்ஸ் என்ற தரவுத்தொகுப்பு, கடலுக்கும் காற்றுக்கும் நடுவே கைமாறும் வெப்பத்தின் கணக்கு. இலவசம். 1985 முதல் தினசரிக் கணக்கு, 1958 முதல் மாதச் சராசரி.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும், எந்தச் செயற்கைக்கோளும் இந்த வெப்பத்தை நேரடியாக அளப்பதில்லை. கடல்பரப்பு எவ்வளவு சொரசொரப்பாக இருக்கிறது என்பதிலிருந்து காற்றின் வேகம், பரப்பு விடும் கதிரிலிருந்து நீரின் வெப்பநிலை, அப்புறம் நீரை ஒட்டிய காற்றுக்கும் சற்று மேலே உள்ள காற்றுக்கும் ஈரப்பத வித்தியாசம், இந்த மூன்றும் வேண்டும். நீரின் வெப்பநிலையை வைத்து நீரை ஒட்டிய காற்றின் ஈரப்பதத்தைக் கணக்கிட்டு, காற்றின் வேகத்தையும் ஈரப்பத வித்தியாசத்தையும் பெருக்கித்தான் விடை வருகிறது. காற்று நொடிக்கு 7 மீட்டர், ஈரப்பத வித்தியாசம் ஒரு கிலோ காற்றுக்கு 6 கிராம் என்று வைத்தால் சதுர மீட்டருக்குச் சுமார் 150 வாட் வரும். அதாவது ஒவ்வொரு சதுர மீட்டர் கடலிலிருந்தும் ஒரு நாளைக்கு 5 லிட்டர் தண்ணீர் மேலே போகிறது! ஐந்து தண்ணீர் பாட்டிலைத் தரையில் வரிசையாக வைத்துப் பார்த்தபோதுதான் எனக்கு அது உறைத்தது.

இந்த மூன்றில் பலவீனமானது ஈரப்பதம். செயற்கைக்கோளுக்குத் தெரிவது மேலிருந்து கீழ்வரை உள்ள மொத்த நீராவி, கடலை ஒட்டிய பத்து மீட்டரில் எவ்வளவு என்பதை அதிலிருந்து ஊகிக்கத்தான் வேண்டும். அதனால் ஓஏஃப்ளக்ஸில் கணினி வானிலை மாதிரிகளின் கணக்கையும் கலந்திருக்கிறார்கள், எனக்கு அது சரியான முடிவாகவே படுகிறது. செயற்கைக்கோளை முதன்மையாக வைத்த கணக்கு வேண்டுமென்றால் ஜப்பானின் ஜே-ஒஃபூரோ3 இருக்கிறது, கணக்குக்காகக் கடலைப் பிரிக்கும் கட்டமும் கால் டிகிரிதான்.

ஓஏஃப்ளக்ஸின் கட்டம் ஒரு டிகிரி, கிட்டத்தட்ட 110 கிலோமீட்டர். புதுச்சேரி விழும் கட்டத்தில் பெரும்பகுதி நிலம், ஆகவே நமக்கு உதவுவது அடுத்த கட்டம், 80 முதல் 81 டிகிரி கிழக்கு. கரையோரக் கடலுக்கு இதை நம்ப வேண்டாம். புயல் நாளின் எண்ணையும் அப்படியே எடுக்காதீர்கள், கனமழையில் காற்றளவு கெடும், உச்சமும் நாள் சராசரியில் கரைந்துவிடும். புயலுக்கு முந்தைய வாரங்களுக்கும் பருவக் கணக்குக்கும்தான் இது அருமை. சரிபார்க்க நம் அட்சரேகையிலேயே, கிழக்கே சுமார் 1,100 கிலோமீட்டரில், 12 டிகிரி வடக்கு 90 டிகிரி கிழக்கில் இந்தியப் பெருங்கடலில் மிதவைகள் வைத்து அளக்கும் ராமா வலையமைப்பின் மிதவை நிலையம் இருக்கிறது, அதன் தரவும் இலவசம்தான்.

இன்னொன்று, ஓஏஃப்ளக்ஸில் ஆவியாகும் வெப்பத்துக்குக் கடலிலிருந்து வெளியே போவது கூட்டல் குறி, வரவு செலவு போக மிஞ்சும் நிகர வெப்பத்துக்கோ கடலுக்குள் வருவது கூட்டல் குறி. இதைக் கவனிக்காமல் வரைபடம் போட்டால் எல்லாமே தலைகீழாகிவிடும்.

ப்ளஸ் டூ பிள்ளைகளுக்குப் பாடம் எடுப்பவர்கள் அந்த ஒரு கட்டத்துக்கு மட்டும் ஓராண்டு வரைந்து காட்டுங்கள். ஏப்ரலில் காற்று அடங்கி வெயில் கொளுத்தும்போது கடல் வெப்பத்தைச் சேர்த்துக்கொள்வதும், டிசம்பரில் வாடைக்காற்று அதை உருவிக்கொண்டு போவதும் கோட்டிலேயே தெரியும்.