பணத்தை வாங்கிட்டு காட்டுக்குள்ள விட்டுட்டுப் போற குரூப் ரைடு, ஜாக்கிரதை மக்களே

மவுண்டன் பைக் குரூப் ரைடுன்னு விளம்பரம் பாத்துட்டு பணம் கட்டப் போறவங்க இதைப் படிச்சுட்டு அப்புறம் கட்டுங்க. நடத்துனவங்க பேரை இங்க போடல, புகார் தனியா குடுத்திருக்கோம்.

விளம்பரத்துல என்ன சொன்னாங்கன்னா, புதுசா ஓட்டுறவங்களுக்கு ஏத்த பாதை, முன்னாடி ஒரு கைடு, பின்னாடி ஒரு கைடு, சர்வீஸ் பண்ண சைக்கிள், ஹெல்மெட், முதலுதவிப் பெட்டி, எல்லாமே எங்க பொறுப்புன்னாங்க. போய் நின்னா ஒரே ஒரு கைடு. இன்னொருத்தர் எங்கங்கன்னு கேட்டதுக்கு "வழியில சேந்துக்குவாருங்க"ன்னாரு, கடைசி வரைக்கும் யாரும் சேரல.

காட்டுப் பாதை தொடங்குற இடத்துல போர்டுல கருப்பு டைமண்ட் குறி போட்டிருந்துச்சு. தெரியாதவங்களுக்காக சொல்றேன், பச்சை வட்டம்னா சுலபம், நீலச் சதுரம்னா நடுத்தரம், கருப்பு டைமண்ட்னா கஷ்டம், ரெண்டு கருப்பு டைமண்ட்னா நல்லா பழகுனவங்களுக்கு மட்டும். ஐஎம்பிஏங்கிற சர்வதேச மவுண்டன் பைக் சங்கம் வகுத்த முறை இது, அதுப்படி ஒத்தை கருப்பு டைமண்ட் பாதையில 15 இஞ்ச் உயரம் வரைக்கும் கல்லோ வேரோ குறுக்க கிடக்கலாம், சுத்திப் போக வழி இருக்காது, ஏறித்தான் இறங்கணும். இதுலதான் முதல் தடவை ஓட்டுறவங்களையும் கூட்டிட்டுப் போனாங்க. கேட்டா, "மெதுவா வாங்க, ஒண்ணும் ஆகாது"ங்கிற ஒரே பதில்.

எங்ககூட வந்த ஒரு அக்கா கிளம்புறப்பவே, தம்பி, பிரேக் பிடிக்கவே மாட்டேங்குது, லிவர் ஹேண்டில்பார் வரைக்கும் போகுதுன்னு சொன்னாங்க. "போகப் போக செட்டாயிடும்க்கா"ன்னுட்டாரு அந்த கைடு. ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக்ல லிவர் அப்படி மெத்துன்னு உள்ள போனா லைன்ல காத்து இருக்கும் இல்ல ஆயில் கசிஞ்சிருக்கும், ப்ளீட் பண்ணித்தான், அதாவது உள்ள இருக்கிற காத்தை வெளியேத்தித்தான் சரி பண்ணணும், ஓட்ட ஓட்ட தானா எப்படி சரியாகும்? இதைத் தெரிஞ்சே ஒருத்தரை இறக்கத்துல அனுப்புறது எவ்வளவு பெரிய தப்பு, எனக்கு இன்னும் கோவம் அடங்கல.

கல்லு நிறைஞ்ச இறக்கத்துல அந்த அக்கா சைக்கிள் நிக்கல, வேர் மேல முன் சக்கரம் வழுக்கி விழுந்தாங்க, மணிக்கட்டு வீங்கிடுச்சு. கைடு முன்னாடி எங்கயோ போயிட்டாரு, கத்துனாலும் கேக்கல, போன்ல சிக்னல் இல்ல. நடுவுல பாதை ரெண்டா பிரியுற இடத்துலயும் அவர் நிக்கல, டயர் தடத்தைப் பாத்துத்தான் எந்தப் பக்கம்னு முடிவு பண்ணோம். குரூப் ரைடுன்னா ஒவ்வொரு பிரிவுலயும் கடைசி ஆள் வர்ற வரைக்கும் நிக்கணும், பின்னாடி ஒருத்தர் எல்லாரையும் பாத்துக்கிட்டே வரணும், அவரைத்தான் ஸ்வீப்புன்னு சொல்றது, அந்த வேலைக்கும் சேத்துத்தான் நம்மகிட்ட பணம் வாங்குறாங்க. முதலுதவிப் பெட்டியும் கிடையாது. துப்பட்டாவைக் கட்டி கையைத் தொங்க விட்டு, சைக்கிளைத் தள்ளிக்கிட்டே வெளிய வந்தோம்.

இதுக்கு மேலதான் உண்மையான ஏமாத்து வேலை. டெபாசிட்டைத் திருப்பிக் கேட்டா, பின் டீரெய்லர் (கியர் மாத்துறப்போ செயினை நகத்துற பாகம்) போச்சு, டிஸ்க் கீறிடுச்சு, ரெண்டுக்கும் கழிச்சிக்கிட்டோம்னு சொன்னாங்க. நான் சக்கரத்தைக் கழட்டிப் பாத்தேன், வளைஞ்சது ஹேங்கர் மட்டும்தான். விழுந்தா டீரெய்லருக்கும் ஃப்ரேமுக்கும் அடி படாம தான் முதல்ல வளையணும்னே வெச்சிருக்கிற சின்ன துண்டு அது, அதை மட்டும் மாத்துனா போதும். பிரேக் பேடுல மெட்டீரியலே இல்ல, வெறும் இரும்புத் தகடு டிஸ்க்ல உரசியிருக்கு. ஒரு ரைடுல அப்படித் தேயாது, ரொம்ப நாளா மாத்தாம வாடகைக்கு விட்டிருக்காங்க. அவங்க கவனிக்காம விட்டதுக்கு அடிபட்டவங்ககிட்டயே பணம் பிடிக்கிறாங்க. பேடை போட்டோ எடுத்ததும் பேச்சை மாத்தி, ஓனர்கிட்ட கேட்டுச் சொல்றோம்னாங்க.

அதனால சைக்கிளைக் கையில வாங்குன உடனே ரெண்டு லிவரையும் அமுக்கிப் பாருங்க, ஹேண்டில்பாரைத் தொட்டா வேற சைக்கிள் கேளுங்க. முன் பிரேக்கைப் பிடிச்சுக்கிட்டு சைக்கிளை முன்ன பின்ன ஆட்டுங்க, டொக் டொக்குன்னா ஹெட்செட் (ஹேண்டில்பார் திரும்புற இடத்துல இருக்கிற பேரிங்) லூஸ். ஹெல்மெட்டுக்கு உள்ள தெர்மாகோல்ல விரிசல் இருந்தா தலையில வைக்காதீங்க, அது ஒரு அடியைத்தான் தாங்கும். டிஸ்க், பேடு, பின் டீரெய்லர் எல்லாத்தையும் அவங்க முன்னாடியே வீடியோ எடுங்க. எந்தக் குறி போட்ட பாதை, பின்னாடி வர்றது யாருன்னு பணம் கட்டுறதுக்கு முன்னாடியே மெசேஜ்ல எழுதி வாங்குங்க.

அக்காவுக்கு எலும்புல விரிசல், கட்டு போட்டிருக்காங்க. டெபாசிட் இன்னும் வரல. இதே மாதிரி யார்கிட்டயாவது பாகம் போச்சுன்னு பணம் பிடிச்சா, பழைய பாகத்தையும் பில்லையும் கையில குடுக்கச் சொல்லிக் கேளுங்க.